ஆளில்லாமல் முடிந்த இறுதி ஆட்டம்

எங்கள் லீக் எதனால் உடைந்தது என்று கேட்டால் இந்தக் கடற்கரையில் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடி துறைமுகக் கல்லூரிக்காரர்களின் திமிர்தான் காரணம் என்பார்கள் எங்கள் ஊரில். கடற்கரைக்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் ரோஷம், அவர்களை வைத்துக்கொண்டு எதை நடத்த முடியும் என்பார்கள் டவுனில். ஸ்பான்சர் என்று ஒருவன் காலை வைத்தான், அன்றோடு விளங்காமல் போனது என்பார் உடன்குடி பஸ் ஸ்டாண்டில் கருப்பட்டி விற்கும் அண்ணாச்சி. அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்தவரில்லை. ஆனாலும் கருத்துக்குப் பஞ்சமில்லை.

நான் இத்தனை வருடமும் ஒரே ஒரு மனிதரைத்தான் திட்டிவந்தேன். வயிறெரிந்து, வாய் வலிக்கத் திட்டினேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவரை விட்டுவிட்டால் பழி நேராக எங்கள் வீட்டுக்குள் நடந்து வந்து, குசினியில் அம்மாவுக்கு முன்னால் நின்றுவிடும். அதை நான் எப்படி விடுவேன்?

லீக் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தூத்துக்குடியிலிருந்து தெற்கே தேரிக்காடு வரைக்கும் உள்ள ஐந்தாறு கல்லூரிகள் சேர்ந்து பெண்களுக்காக நடத்திய கால்பந்துப் போட்டி. பல்கலைக்கழகப் போட்டி என்றால் திருநெல்வேலி, நாகர்கோவில் என்று போக வேண்டும். ராத்தங்க வேண்டும். வயசுப் பிள்ளையை எந்த அப்பா அனுப்புவார்? லீக் ஆட்டம் அப்படியில்லை. காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைப்பதற்குள் வீடு வந்துவிடலாம். ஆடுகிற இடத்தில் சித்தியோ அத்தையோ யாராவது சொந்தக்காரர் இருப்பார். அந்த ஒரு தைரியத்தில்தான் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு ஜெர்சி மாட்டிப் பந்தை உதைக்கக் கொடுத்துவைத்தது.

எங்கள் கல்லூரி திருச்செந்தூர் போகிற ரோட்டோரத்துச் சின்னக் கல்லூரி. சொந்த மைதானம் கிடையாது. கல்லூரிக்குப் பின்னால் இருந்த இடத்தில் உடைமரம்தான் நன்றாக விளையாடியது. அதனால் எங்கள் ஊர்க் கோயில் மைதானத்தையே அணிக்குச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டோம். ஒரு பக்கம் மாதா கோயில், மறு பக்கம் கடல். பந்தை ஓங்கி அடித்தால் வலை காயப் போட்டிருக்கும் மணலில் போய் விழும். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் மாமாக்கள் திட்டிக்கொண்டே எடுத்து எறிவார்கள்.

லீக்கில் ஒரு வழக்கம் இருந்தது. இறுதி ஆட்டத்தில் யார் தோற்கிறார்களோ அவர்களுடைய மைதானத்தில்தான் அடுத்த வருட இறுதி ஆட்டம். ஜெயித்தவர்கள் கோப்பையைக் கொண்டு போகிறார்கள், தோற்றவர்கள் கூட்டத்தையாவது கொண்டு போகட்டும் என்று யாரோ நல்ல மனசுக்காரர் ஏற்படுத்தியது. நடத்துகிறவர்கள் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். உண்மையான போட்டியே அதில்தான் நடக்கும். தேரிப் பக்கத்துக் கல்லூரிக்குப் போனால் இலை போட்டுச் சாப்பாடு, கடைசியில் கருப்பட்டிப் பாயாசம். துறைமுகக் கல்லூரியில் பரோட்டா சால்னா, திரும்பும்போது கையில் ஒரு பொட்டலம் மக்ரூன். எங்கள் ஊருக்கு வந்தால் மீன். மீன் என்றால் ஏதோ ஒரு மீன் ஆகாது. சீலாதான். வெளியூரில் வஞ்சிரம் என்கிறார்களே, அது. விருந்துக்கு வந்தவர்களுக்குச் சாளை வைத்தார்கள் என்ற பேச்சு வந்தால் எங்கள் ஊருக்குத் தலைகுனிவு. மத்தி என்பார்களே, அந்தச் சாளை நாங்கள் அன்றாடம் தின்பது. வீட்டுக் கோழியும் தின்னும்.

லீக் உடைந்ததற்கு முந்தைய வருட இறுதி ஆட்டத்தில் துறைமுகக் கல்லூரியிடம் தோற்றோம். அதுவும் பெனால்டியில். கோல்கீப்பர் நான். வலப் பக்கம் பாய்ந்தேன், பந்து இடப் பக்கம் போனது. என் அண்ணன் அந்த ஒரு பந்தை வைத்தே வருடம் முழுவதும் ஓட்டினான். சோற்றுத் தட்டை இடப் பக்கமாக நீட்டுவதுபோல் நீட்டி வலப் பக்கம் இழுத்துக்கொள்வான். "இதயே பிடிக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு கோலி! கோல் வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்ளா நீ" என்பான். நான் தட்டைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்த்த நாளும் உண்டு.

நான் ஆடியதற்கு அவன்தான் காரணம். அப்பா தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகிறவர். வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அவர் இல்லாதபோது வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். நான் கால்பந்து ஆடப் போகிறேன் என்றபோது அம்மா சம்மதிக்கவில்லை. "பொம்பளப் பிள்ள கால ஒடிச்சிட்டு வந்து நின்னா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றாள். "ஒடிஞ்சா நான் வச்சுச் சோறு போடுதேன். அவ ஆடட்டும்" என்றான் அண்ணன். அதோடு பேச்சு முடிந்தது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் எங்கள் உடுப்பைப் பார்த்து முணுமுணுத்தபோதும் அவன்தான் மைதானத்து ஓரத்தில் நின்று கத்தினான். "பாக்கணும்னா பாருங்க. இல்லன்னா கடலப் பாத்துத் திரும்பி உக்காருங்க!" ஒரு பெரியவர் நிஜமாகவே திரும்பி உட்கார்ந்தார். கோல் விழுந்த சத்தம் கேட்டதும் முதலில் எழுந்து திரும்பியதும் அவர்தான்.

அந்த வருடம் நாங்களும் துறைமுகக் கல்லூரியும் மறுபடி இறுதிக்கு வந்தோம். ஆட்டம் எங்கள் ஊரில், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடல் தொழிலுக்குப் போக மாட்டார்கள். பூசை முடிந்தால் ஊரே சும்மா இருக்கும், மைதானம் நிறைந்துவிடும். எனக்கோ கல்லூரியில் அது கடைசி வருடம். அந்த ஆட்டத்தோடு கையுறையைக் கழற்றி வைக்க வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். இடப் பக்கம் பாய்ந்து ஒரே ஒரு பந்தைப் பிடித்துவிட்டு முடித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தேன்.

அந்த வருடத்தில் இன்னும் இரண்டு புதிய சங்கதிகள். ஒரு ஸ்பான்சர் வந்திருந்தார். இறுதி ஆட்டம் யூடியூபில் நேரலையாக வரும் என்றார்கள். துறைமுகக் கல்லூரிக்குப் புதிதாக ஒரு உடற்கல்வி இயக்குநர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், வந்து சேர்ந்திருந்தார். நான் இத்தனை வருடம் திட்டியது இவரைத்தான். வரும்போதே விதிமுறைகளோடு வந்த மனிதர். அதற்கு முன் பஸ் பிந்தினால் பாதி நாள் காத்துக் கிடப்போம். இனி குறித்த நேரத்துக்கு அணி இறங்காவிட்டால் எதிரணிக்கு வாக் ஓவர் என்றார். மழை, பரீட்சை, ஆடுகிறவர் வீட்டில் மரணம், இதற்கெல்லாம் ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். எல்லாக் கல்லூரிக்காரர்களும் தலையாட்டினார்கள். நல்ல விதிகள்தான். அந்த வயிற்றெரிச்சலிலும் நான் அவற்றைக் குறை சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அம்மா குசினியில் பெரிய சட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். வருகிற பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு மீன் கொடுப்பதாகப் பேச்சு. மாமாவோடு வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற அண்ணன் வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே, வார பிள்ளைகளுக்கு நல்ல சீலாவாப் பாத்துக் கொண்டுட்டு வா. ஏலக் கூடத்துல வாங்கினா ஐஸ் போட்ட மீனாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா.

"வார பிள்ளைகளுக்கா, உன் மவளுக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

"சரி, முள்ளு கம்மியா உள்ளதாக் கொண்டாரேன். டவுன் பிள்ளைகளுக்குத் தொண்டைல சிக்கிச்சுன்னா நம்ம மேல கேஸ் போட்டுருவாளுவ" என்றான். அம்மா சிரித்துவிட்டாள். என் பக்கம் திரும்பி, "இடது பக்கம்ளா, மறந்துராத" என்றான்.

சனிக்கிழமை விடியுமுன்னே அவனும் என் தாய்மாமாவும் மாமாவின் கூட்டாளி ஒருவரும் வள்ளத்தில் போனார்கள். போகும்போது அவன் வாசலில் நின்று "போயிட்டு வாரேன்" என்றது எனக்குத் தூக்கத்தில் கேட்டது. "ம்" என்றேன்.

மதியத்துக்குள் வந்துவிடுகிற வள்ளம். மதியத்தில் மற்றவர்கள் வந்தார்கள், இவர்கள் வரவில்லை. அதற்குப் பிறகு வாடைக் காற்று எழும்பியது. கரையில் நின்ற எங்களுக்கே வாயில் மணல் நறநறத்தது. "பக்கத்துல சீலா கெடைக்கலன்னா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருப்பான்" என்றாள் அம்மா. ஒரு முறைதான் சொன்னாள். சொன்ன பிறகு தன் வாயைத் தானே முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

இருட்டுவதற்குள் கோயில் மணி அடித்தது. மணி அடித்தால் எங்கள் ஊரில் எல்லாம் நின்றுவிடும். ரேடியோ பாடாது, கல்யாண வீடு இருந்தால் பந்தல் விளக்கை அணைத்துவிடுவார்கள். பக்கத்து ஊர்களிலும் தொழிலுக்குப் போகாமல் தேடப் போவார்கள். ஆலந்தலையிலிருந்து வள்ளங்கள் வந்தன. போன ஆள் கரைக்கு வருகிற வரைக்கும், எப்படி வந்தாலும் வருகிற வரைக்கும், ஊரில் எல்லோர் வாயிலும் ஒரே ஒரு சொல்தான் இருக்க வேண்டும். வந்துருவான். வேறு எதையும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னவர் நாக்குதான் அவனைக் கொன்றது என்று ஆகிவிடும். கருநாக்கு என்று அந்த வீட்டுக்காரர்கள் ஆயுசுக்கும் முகம் பார்க்க மாட்டார்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு இது தானாகத் தெரியும்.

எங்கள் கல்லூரியின் பி.டி. மிஸ்ஸும் கடற்கரைக்காரர்தான், அடுத்த ஊர். செய்தி கேட்டு ஓடி வந்து, அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, துறைமுகக் கல்லூரியின் அந்தக் கோயம்புத்தூர் சாருக்குப் போன் போட்டார். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. அதனால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"சார், நாளைக்கு ஆட்டத்தத் தள்ளி வைக்கணும். எங்க கோல்கீப்பரோட அண்ணன் போன வள்ளம் இன்னும் கரைக்கு வரல."

"அடடா. இஞ்சின் ரிப்பேருங்களா மேடம்?"

"தெரியல சார். தேடப் போயிருக்காங்க."

"எனக்கும் கஷ்டமாத்தானுங்க இருக்கு. ஆனா ரெஃப்ரி மதுரையிலிருந்து கெளம்பிட்டாரு, நேரலைக்கு ஆளுங்க வந்துட்டாங்க. படகு லேட்டுன்னு நான் எப்படிங்க நிறுத்தறது? வீட்ல மரணம்னா சொல்லுங்க, இப்பவே தள்ளி வெச்சரலாம். யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. அந்த மாதிரிங்களா மேடம்? ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார்.

மிஸ் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா மிஸ்ஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் எந்தப் பொம்பளைக்கு அந்த வார்த்தை வரும்?

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல சார்" என்றார் மிஸ். "வந்துருவான்."

"அப்பச் சரிங்க மேடம். விடியறதுக்குள்ள வந்துருவாருங்க. கவலப்படாதீங்க, தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அம்மா மிஸ்ஸின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்வதுபோல இருந்தது. மிஸ் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் நானே அவர் கழுத்தைப் பிடித்திருப்பேன். இப்போதும் அப்படித்தான் செய்வேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை நடந்தது, மணி ஒலிக்காமல். அதன் பிறகு ஊர் முழுக்கக் கரையில்தான் நின்றது. என் அணிப் பிள்ளைகள் எல்லோரும் என்னோடு இருந்தார்கள். சாகுபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி, அவள் அப்பா கம்பெனியில் வேலை பார்க்கிறவர், கடலை அவ்வளவு நேரம் நின்று பார்த்தே அறியாதவள், என் கையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். ஒருவர் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

துறைமுகக் கல்லூரி பஸ் வந்ததை நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் உடை மாற்றி மைதானத்தில் இறங்கினார்களாம். கேமராவைத் தூக்கி நிறுத்தினார்களாம். ரெஃப்ரி பந்தை நடுவில் வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். எதிரில் ஆள் இல்லை. நேரம் ஆனதும் விசில் ஊதினார்.

கோயில் சுவரைத் தாண்டிக் கரைக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. அம்மா சட்டென்று திரும்பினாள். அத்தனை நேரத்தில் அப்போதுதான் கடலை விட்டுத் திரும்பினாள்.

"ஏளா, விசிலு கேக்கே. யாரோ சொல்லி விடுதாவ. வந்துட்டானாளா?"

அந்த முகத்தை நான் மறக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்காத நாளில்லை. மாதா இன்னும் கேட்கவில்லை.

அன்று சாயந்திரம் கவிழ்ந்த வள்ளத்தைக் கண்டுபிடித்தார்கள். மாமாவும் கூட்டாளியும் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கிடந்தார்கள். அண்ணன் இல்லை. உடம்பெல்லாம் உப்புப் பூத்து, உதடு வெடித்து, மாமா மணலில் படுத்துக்கொண்டு அழுதார். அவராகச் சொன்னார்.

"சாளையாத்தான் விழுந்துச்சுக்கா. வள்ளம் நெறைய சாளை. போதும்லே, திரும்புவோம்னேன். 'வார பிள்ளைகளுக்குச் சாளையா வைக்க முடியும் மாமா? இன்னொரு வலை போடுவோம்'னான். அங்கன போய்த்தான் காத்துல மாட்டிக்கிட்டோம்."

அம்மா எழுந்து வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். குசினியில் வெள்ளிக்கிழமை கழுவி வைத்த பெரிய சட்டி அப்படியே இருந்தது. அதைத் தூக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அண்ணன் கரைக்கு வரவில்லை. அவன் சட்டையையும் கைலிச் சாரத்தையும் வைத்து அடக்கம் செய்துவிடலாம் என்று பங்குச் சாமியார் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா சம்மதிக்கவில்லை. சட்டையும் சாரமும் இன்னும் கொடியில்தான் தொங்குகின்றன. மாதத்துக்கு ஒரு தரம் துவைத்து மறுபடி போடுகிறாள். மாலத்தீவிலிருந்து வந்த அப்பா, "கடல் மேல யாரு கேஸ் போடுதது?" என்றார்.

லீக் அதற்குப் பிறகு நொறுங்கியது. சாவு விழுந்த ஊரில் விசில் ஊதிக் கோப்பை எடுத்துப் போனவர்களோடு இனி எங்கள் பிள்ளைகள் ஆட மாட்டார்கள் என்று எங்கள் ஊர்க் கமிட்டி சொன்னது. பக்கத்துக் கடற்கரை ஊர்களும் அப்படியே சொன்னன. தேரிப் பக்கத்துக் கல்லூரி எங்களுக்காக விலகியது. பனங்காட்டுக்காரர்களுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் அவர்களுடைய பி.டி. சார், "பந்தியில உக்காந்து சாப்பிட்ட வீடுய்யா அது" என்று சொல்லி விலகினார். உப்பளத்துப் பக்கத்துக் கல்லூரி, விதி விதிதானே என்றது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவரை ஒருவர் நாறடித்தார்கள். துறைமுகக் கல்லூரி வேறு ஒரு பெரிய போட்டிக்குப் போய்விட்டது. ஸ்பான்சர் போன இடம் தெரியவில்லை. அடுத்த வருடம் லீக் அட்டவணை என்று ஒன்று வரவே இல்லை.

எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளைத்தான் நினைத்து நினைத்து வேகிறேன். இரண்டாம் வருடத்துப் பிள்ளை ஒருத்தி இடது காலால் அடித்தால் கோல் கம்பம் நடுங்கும். "ஆட்டமே இல்ல, என்னத்துக்குளா சாயந்திரம் வெளிய போற?" என்று அவள் அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். அவள் இப்போது இறால் கம்பெனியில் இறால் உரிக்கிறாள். இன்னொருத்தி டவுனில் நகைக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள். கோயில் மைதானத்தில் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு வலை காயப்போடுகிறார்கள்.

இதற்கெல்லாம் யார் காரணம் என்று எங்கள் தெருவில் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுவாள். ஒரு நாள், "நாந்தான சீலா கேட்டேன்" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, அரிவாள்மனையைப் பார்த்துச் சொன்னாள். நான் பாய்ந்து விழுந்து கத்த ஆரம்பித்தேன். "அந்தக் கோயம்புத்தூர்க்காரன் மனுஷனா? ஈவு இரக்கம் இருக்கா அவனுக்கு? விசில் ஊதிக் குடியைக் கெடுத்தவன்!" அண்ணன் கடலில் போனது சனிக்கிழமை, விசில் ஊதியது ஞாயிற்றுக்கிழமை. அந்த விசிலால் அவன் சாகவில்லை. இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கத்தினேன். நான் கத்துகிறவரைக்கும் அம்மா அதைத் திரும்பச் சொல்ல மாட்டாள். அப்படி ஆரம்பித்ததுதான் என் திட்டு. அவளுக்கு வாய் திறக்க இடம் கொடுக்காமல் வருடக்கணக்கில் திட்டினேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் தேரிப் பக்கத்து பி.டி. சார் போன் செய்தார். அவர் ஓய்வு பெறப் போகிறார். அதற்குள் லீக்கை மறுபடி நடத்திப் பார்க்க வேண்டும், பழைய ஆட்டக்காரர்களும் வாருங்கள் என்று தூத்துக்குடியில் ஒரு கூட்டம் போட்டிருந்தார். நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். லீவு போட்டுக் கிளம்பினேன். லீக்குக்காகப் போகவில்லை. அந்தக் கோயம்புத்தூர்க்காரர் வருவார் என்று கேள்விப்பட்டேன். என் அண்ணன் எதற்காகக் கடலுக்குப் போனான் என்று அவருக்குத் தெரியாது. அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைகள் தின்பதற்கு மீன் பிடிக்கப் போனவன் என்று சொல்லிவிட்டு, அந்த முகம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

அம்மா வாசல் வரை வந்தாள்.

"மீன் கதைய அங்கன சொல்லாத."

"ஏம்மா?"

"அந்தப் பிள்ளைகளும் வரும்லா. பாவம், அதுக என்ன செய்யும்? சோத்துல கைய வைக்கையில எல்லாம் நெனைக்கும்" என்றாள். பிறகு, "எனக்குத் தெரியும்ளா, அது எப்படி இருக்கும்னு" என்றாள்.

கூட்டத்தில் அந்த மனிதர் எனக்கு முன் வரிசையில் இருந்தார். தலை நரைத்திருந்தது. பேசச் சொன்னபோது எழுந்து நின்றார். "நான் அன்னைக்குக் கேட்டனுங்க. மரணமான்னு கேட்டேன். இல்லன்னாங்க, வந்துருவான்னாங்க. நானும் அதயே நம்பிட்டேன். கிரவுண்டுல நின்னு கரைய எட்டிப் பாத்தப்பதான், ஏதோ தப்புப் பண்றோம்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள ரெஃப்ரி ஊதிட்டாரு" என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவர் நம்பியதில் என்ன தப்பு? நாங்களும் அதைத்தான் நம்பினோம். அம்மா இன்னும் நம்புகிறாள். எங்கள் வாயிலிருந்து வந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்ட ஒரே வெளியூர்க்காரர் அவர்தான். இத்தனை வருடம் தீட்டி வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கூட்டமும் ஒன்றுக்கும் உதவாமல் முடிந்தது. இரண்டு கல்லூரிகள் ஆளே அனுப்பவில்லை. ஒரு கல்லூரியில் பெண்கள் அணியே இப்போது இல்லை. பார்ப்போம், பேசுவோம் என்றபடி கலைந்தார்கள்.

வெளியில் டீ கொடுத்தார்கள். துறைமுகக் கல்லூரியின் அன்றைய கேப்டன் என்னைத் தேடி வந்தாள். முந்தைய வருடம் எனக்கு இடப் பக்கமாக அந்தப் பெனால்டியை அடித்தவள் இவள்தான். இப்போது கல்யாணமாகி, இடுப்பில் ஒரு குழந்தை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கோப்பைய நாங்க ஒருத்தியும் தொடலப்பா. பஸ்ல ஒரு வார்த்த பேசல. சார் ஆத்தூர்ல பரோட்டா வாங்கித் தாரேன்னாரு, ஒருத்தியும் எறங்கல" என்றாள். பிறகு அழுகையை மாற்றுவதற்காகவோ என்னவோ, லேசாகச் சிரித்தாள். "உங்க ஊர்ச் சாப்பாட்டப் பத்தி சீனியர் அக்காமாரு அவ்ளோ சொல்லுவாங்க. நாங்க அதுக்காகவே காலைல சாப்பிடாம வந்தோம். அன்னைக்கு எங்களுக்கு என்ன மீன் வைக்கிறதா இருந்தீங்க?"

அம்மா சொன்னது என் காதில் நின்றது. நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். இடுப்பிலிருந்த குழந்தை என் துப்பட்டாவை இழுத்துக்கொண்டிருந்தது.

"சாளைதான்" என்றேன். "சாளைக் குழம்பு வைக்கிறதா இருந்தோம்."

"சாளையா!" என்றாள், கண்ணெல்லாம் விரிய. "அய்யோ, எனக்கு சாளைன்னா உசுருப்பா. அதுவே போதுமே. எங்களுக்கு அதுக்கு மேல என்ன வேணும்?"

திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆத்தூர் பாலம் வரைக்கும் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சொன்னியா என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன். அந்தப் பெண் சொன்னதையும் அவளிடம் சொல்லவில்லை. இனி எப்போதும் சொல்ல மாட்டேன்.